அந்தர ஆபத்துக்கு ஒரு குரல்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்தப் பாடசாலையில் படித்து வைத்தியத் துறைக்குப் போன சிலர் சேர்ந்து யோசித்த ஒரு விடயத்தைச் சொல்லவே இங்கே நிற்கிறோம். அதனால் இந்த உரை முழுவதும் 'நாங்கள்' என்றுதான் வரும். வைத்தியர்கள் மேடை ஏறினால் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பற்றித்தான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நாங்கள் பேசப்போவது வானொலியைப் பற்றி. பாட்டுக் கேட்கும் வானொலி அல்ல. நாமே பேசி, நாமே பதில் கேட்கும் அமெச்சூர் வானொலி. அதை இயக்குபவர்களை உலகம் முழுவதும் 'ஹாம்' என்று அழைக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக்கு இது அந்நியமான சங்கதி அல்ல. வேளாண்மைக் காலத்தில் வயலில் பரண் கட்டிக் காவல் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். யானை இறங்கினால் ஒரு பரணில் இருப்பவர் கூவுவார். அடுத்த பரண்காரர் அதைக் கேட்டுப் பதிலுக்குக் கூவுவார். பிறகு தனக்கு அடுத்தவருக்குக் கூவுவார். பதில் குரல் வரும்வரை முதலாமவர் நிறுத்தமாட்டார். செய்தி போனால் போதாது, போய்ச் சேர்ந்தது என்று தெரியவேண்டும். ஹாம் வானொலியின் அடிப்படையும் இதுதான். கூப்பிடு தூரம் மட்டும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றராக நீண்டுவிடுகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தது எங்கள் நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முன். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், திருக்கோவில், பொத்துவில் என்று எங்கள் கரை முழுவதையும் கடல் அடித்துக்கொண்டு போனது அதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் கழித்து. இலங்கை முழுவதும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 10,000க்கும் மேற்பட்டோர் எங்கள் அம்பாறை மாவட்டத்தவர். நாட்டில் ஆகக் கூடுதலான உயிர்களைக் கொடுத்த மாவட்டம் எங்களுடையது. இந்த மண்டபத்தில் ஒருவரையாவது அன்று இழக்காத குடும்பங்கள் குறைவு.

எங்களில் சிலர் அப்போது மருத்துவ பீட மாணவிகள், சிலர் புதிதாகக் கடமைக்கு வந்தவர்கள். அந்த நாட்களை நினைத்தால் மருந்துத் தட்டுப்பாட்டுக்கும் முன்னால் மனதில் வருவது தகவல் தட்டுப்பாடுதான். எந்த ஊரில் எத்தனை காயக்காரர்? எந்த வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக் கூடம் இயங்குகிறது? எந்த வீதியால் அம்புலன்ஸ் போகலாம்? ஏற்பு வலித் தடுப்பூசி எங்கே இருக்கிறது? கடல் நீரும் சேறும் நுரையீரலுக்குள் போனவர்களுக்கு ஒட்சிசன் எங்கே மிச்சம் இருக்கிறது? இவை எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவரிடம் பதில் இருந்தது. கேட்பவருக்கும் பதில் தெரிந்தவருக்கும் இடையில்தான் ஒன்றும் இருக்கவில்லை. தொலைபேசி செத்துப்போயிருந்தது. அறுகம்பைப் பாலம் சேதமாகிப் பாணமைப் பக்கம் துண்டாகிக் கிடந்தது. ஆட்கள் மோட்டார் சைக்கிளில் ஓடி வாய்மொழியாகத் தகவல் கொண்டுவந்தார்கள். ஓர் ஊரில் 'காயக்காரர் இருபது' என்று புறப்பட்ட செய்தி, அடுத்த ஊருக்கு வரும்போது வேறொரு எண்ணாக மாறியிருக்கும்.

அதே நாளில் அதே கடலின் மறுபக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். அந்தமான் தீவின் போர்ட் பிளேயர் நகரில் ஒரு ஹோட்டல் அறையில் பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண் ஹாம் வானொலியின் முன் இருந்தார். அந்தமானில் பல வருடங்களாக அமெச்சூர் வானொலிக்கு அனுமதி இருக்கவில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவகத்தின் குழுவோடு, பெருமுயற்சியில் பெற்ற அனுமதியின் பேரில், டிசம்பர் முற்பகுதியில் அவர் அங்கே வந்திருந்தார். உலகம் முழுவதிலும் உள்ள ஹாம் ஆட்களோடு பேசி எண்ணிக்கை சேர்ப்பதுதான் வந்த நோக்கம். கிட்டத்தட்ட ஒரு விளையாட்டுப் போட்டி மாதிரி.

அன்று விடியற்காலையில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நிலம் ஆடியது. கொஞ்ச நேரத்தில் தீவின் தொலைபேசித் தொடர்புகள் விழுந்துவிட்டன. பாரதியும் குழுவினரும் விளையாட்டை அந்தக் கணமே நிறுத்திவிட்டு, அதே கருவிகளை அவசர சேவைக்குத் திருப்பினார்கள். தீவில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியைப் பெருநிலத்தில் இருக்கும் உறவினர்களுக்கும், அதிகாரிகளின் தகவல்களை இரு பக்கமும் நாள் கணக்காகக் கடத்தினார்கள். குழுவில் சிலர், மிக மோசமாக அடிபட்ட கார் நிக்கோபார் தீவுக்கே போய் அங்கே ஒரு நிலையத்தைத் தொடங்கினார்கள்.

எங்கள் நாட்டிலும் நடந்தது. ரேடியோ சொசைட்டி ஒப் ஸ்ரீலங்கா என்பது இங்குள்ள அமெச்சூர் வானொலியாளர்களின் சங்கம். அப்போது அதன் தலைவராக இருந்த விக்டர் குணதிலக்கவும் தோழர்களும் சிற்றலை வானொலிக் கருவியை அம்பாந்தோட்டைக்குக் கொண்டுபோய், கொழும்போடு தொடர்பை ஏற்படுத்தினார்கள். நகரமே சிதைந்து கிடந்த இடத்தில், ஒரு பற்றரியும் ஒரு கம்பியும் தலைநகரோடு பேசவைத்தன. 2001இல் குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்திலும், 2015இல் நேபாள நிலநடுக்கத்திலும் ஹாம் ஆட்கள் இதே வேலையைச் செய்தார்கள்.

இவர்களில் யாரும் இதற்குச் சம்பளம் வாங்கியவர்கள் இல்லை. இலாபத்துக்காக இதைச் செய்யக்கூடாது என்பதே அமெச்சூர் வானொலியின் விதி. இன்னொன்றையும் கவனியுங்கள். அனர்த்தம் வந்த பிறகு இவர்கள் வானொலி படிக்கத் தொடங்கவில்லை. பல வருடமாகப் பொழுதுபோக்காகச் செய்து கை பழகியிருந்தார்கள். பழகிய கை, தேவை வந்த அன்று தானாக வேலை செய்தது. நாங்கள் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

பின்வரிசைப் பிள்ளைகள் 'இது எப்படிப் போகிறது?' என்று கேட்பீர்கள். விஞ்ஞான பாடத்தில் படித்ததுதான். பூமிக்கு மேலே ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் முதல் சில நூறு கிலோமீற்றர் உயரம் வரை, சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற வளிப்படை இருக்கிறது. அதன் பெயர் அயனமண்டலம். சிற்றலைகள் அதில் பட்டுத் திரும்பி நிலத்துக்கு வரும். பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும் குழாயை நேரே மேல்நோக்கிப் பிடித்தால் தண்ணீர் சுற்றிவர விழும் அல்லவா? அதேபோல, அன்ரனாக் கம்பியை நிலத்துக்கு மேலே சில மீற்றர் உயரத்தில் தாழ்வாகக் கட்டினால், அலை மேலே போய்ச் சுற்றியுள்ள சில நூறு கிலோமீற்றருக்குள் இறங்கும். நடுவில் மலைநாடு நின்றாலும் தடை இல்லை. ஆலையடிவேம்பிலிருந்து கொழும்பு அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறது.

இதற்குத் தேவையானவற்றையும் சொல்லிவிடுகிறோம். 7 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு ஏறத்தாழ 20 மீற்றர் கம்பி, நடுவில் பிரித்து இரண்டு தென்னை மரங்களுக்கு இடையில் கட்டலாம். 100 வாற்று வலுவுள்ள கருவி வாகனத்தின் 12 வோல்ற் பற்றரியில் இயங்கும். அந்தப் பற்றரியைச் சூரியப் பலகையால் நிரப்பலாம். இடையில் கோபுரம் இல்லை, கேபிள் இல்லை, எந்தக் கம்பனியின் கட்டமைப்பும் இல்லை. பக்கத்து ஊர்களுக்கு இதைவிடச் சிறிய கருவி போதும். எங்கள் கரை தட்டையான நிலம். கையில் பிடிக்கும் 5 வாற்றுக் கருவியை உயரமான தண்ணீர்த் தாங்கியில் கட்டிய அன்ரனாவோடு இணைத்தால், பனங்காடு, கோளாவில் என்று அயல் கிராமங்களோடு பேசிக்கொள்ளலாம்.

'இப்போது எல்லார் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறதே, செய்மதி இணையமும் வந்துவிட்டதே' என்பீர்கள். நல்லதுதான், அவையும் வேண்டும். ஆனால் கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கு மின்சாரம் போனால் பற்றரி தாங்கும் வரைதான் உயிர். கோபுரம் நின்றாலும், எல்லாரும் ஒரே நேரத்தில் அழைத்தால் இணைப்புக் கிடைக்காது. செய்மதிக் கருவிக்கும் கட்டணம் கட்டி, பற்றரி நிரப்பி, பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். 2004க்குப் பிறகு கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் வந்தன. 2012 ஏப்ரல் 11 அன்று சுனாமி எச்சரிக்கை வந்தபோது எங்கள் சனம் கரையை விட்டு விலகி ஓடியது. கோயில் ஒலிபெருக்கியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் எங்கள் ஊர்களில் எத்தனையோ தரம் உயிர் காத்திருக்கின்றன. ஆனால் ஒலிபெருக்கி சொல்லும், கேட்காது. 'இங்கே ஒரு தாய்க்குப் பிரசவ வலி, வீதியில் வெள்ளம்' என்று அதற்குத் திருப்பிச் சொல்ல முடியாது. எச்சரிக்கை ஒருவழிப் பாதை. உதவி இருவழிப் பாதை.

இப்போது வைத்தியர்களாக ஒன்றைச் சொல்கிறோம். கருவியை விட எங்களைக் கவர்ந்தது ஹாம் ஆட்களின் ஒழுங்கு. விடுதியில் நாங்கள் கடமை மாறும்போது செய்யவேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது.

முதலாவது, எழுதிவிட்டுப் பேசுவது. ஒவ்வொரு செய்திக்கும் இலக்கம், நேரம், யாரிடமிருந்து, யாருக்கு என்று எழுதுவார்கள். செய்தியில் எத்தனை சொற்கள் என்று எண்ணி அந்த எண்ணையும் அனுப்புவார்கள். மறுபக்கம் எண்ணிப் பார்க்கும்போது ஒரு சொல் குறைந்தாலே பிழை தெரிந்துவிடும்.

இரண்டாவது, திருப்பிச் சொல்வது. கேட்டவர் கேட்டதை வாசித்துக் காட்டுவார். அனுப்பியவர் 'சரி' என்ற பிறகே செய்தி முடியும். இரைச்சலில் 'அறுபது' என்பது 'எழுபது' என்று கேட்கும். அதனால் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள்: 'ஆறு, பூச்சியம்'. இன்சுலின் அளவு சொல்லும் இடத்தில் இந்தப் பழக்கத்தின் விலை என்ன என்று இங்கே இருக்கும் தாதியச் சகோதரிகளுக்குத் தெரியும்.

மூன்றாவது, வரிசை. உயிராபத்துச் செய்தி முதலில், அவசரம் அடுத்து, 'மகள் சுகமாக இருக்கிறாள்' என்ற நலச் செய்தி அதற்கு அடுத்து. காயக்காரரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நாங்கள் பிரிப்பதும் இதே கணக்குத்தான். நலச் செய்தி கடைசியில் இருப்பதால் அது அற்பமானது என்று நினைக்கவேண்டாம். 2004இல் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் வாரக்கணக்காக முகாம் முகாமாக அலைந்த தாய்மாரை நாங்கள் பார்த்தோம். 'இருக்கிறாள்' என்ற ஒரு சொல் எந்த மருந்தாலும் தரமுடியாத தூக்கத்தை அவர்களுக்குக் கொடுத்திருக்கும்.

நான்காவது, வாய் மூடி இருப்பது. ஒரு நிலையம் எல்லாரையும் ஒழுங்குபடுத்தும். அது அழைக்கும்வரை மற்றவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஹாமின் பெரும்பகுதி வேலை கேட்பதுதான். இதோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அமெச்சூர் வானொலியில் பேசுவதை யாரும் கேட்கலாம். இரகசியக் குறியீடு பாவிக்க அனுமதி இல்லை. ஆகவே நோயாளியின் பெயரையும் நோயையும் சேர்த்துச் சொல்லக்கூடாது. பெயருக்குப் பதில் இலக்கம் சொல்லப் பழகவேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு எங்கள் வகுப்புத் தோழிகளின் பட்டியலைப் பார்த்தோம். வைத்தியர்கள், ஆசிரியைகள், கணக்காளர்கள், முகாமைத்துவ உத்தியோகத்தர்கள், கிராம உத்தியோகத்தர், வெளிநாட்டில் இருக்கும் பொறியியலாளர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம் உள்ளவர் ஒருவர்கூட இல்லை.

காரணம் எங்களுக்கு விளங்குகிறது. யுத்த காலத்தில் கூரைக்கு மேலே ஒரு கம்பி கட்டினாலே யார் வந்து என்ன கேட்பார்கள் என்று பயந்த தலைமுறை எங்களுடையது. 'றேடியோ, வயர் என்று ஒன்றிலும் கை வைக்காதே மகள்' என்ற உம்மாமாரும் அம்மாமாரும் எங்கள் நன்மைக்குத்தான் சொன்னார்கள். அந்தப் பயம் அன்று நியாயமானது. யுத்தம் முடிந்தது 2009இல். கடலும் வெள்ளமும் முடியவில்லை. 1978 நவம்பர் சூறாவளி எங்கள் கரையைத் துடைத்துப் போட்டதை எங்கள் பெற்றோர் இன்றும் சொல்வார்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தோடு மத்ரஸா மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டதை நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. வரும் என்பது மட்டும் தெரியும்.

சட்டப்படி செய்யவேண்டியதும் தெளிவானது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வானொலி அனுப்பிக் கருவியை வைத்திருப்பதும் இயக்குவதும் குற்றம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறைப்படுத்தும் ஆணைக்குழு பரீட்சை வைத்து அனுமதிப்பத்திரம் தருகிறது. தொடக்கநிலை, பொதுநிலை, உயர்நிலை என்று படிகள் இருக்கின்றன. விதிமுறைகளும் அடிப்படை மின்னியலும்தான் தொடக்கநிலையின் பாடம். சித்தியடைந்தவருக்கு 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். உலகில் எந்த மூலையில் அதைக் கேட்டாலும் 'இது இலங்கை' என்று அறிவார்கள். அனர்த்த வேளையில் நாடு கடந்து பிறருக்கான செய்திகளை ஹாம் நிலையங்கள் கடத்துவதைச் சர்வதேச விதிகளும் ஏற்கின்றன.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. நூற்றாண்டுக்கு இந்தச் சங்கம் பாடசாலைக்கு ஏதாவது கொடுக்க நினைக்கிறது. நுழைவாயில் வளைவு வேண்டும் என்கிறார்கள் சிலர், திறன்பலகை வேண்டும் என்கிறார்கள் சிலர். இரண்டும் வரட்டும். அவற்றோடு ஒரு வானொலிக் கழகமும் வரட்டும்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்கள் பிள்ளைகளுக்கு வெறுமையாகப் போகின்றன. அந்த மாதங்களில் விருப்பமுள்ள ஐந்து பிள்ளைகளையும், அவர்களோடு பழைய மாணவிகள் ஐந்து பேரையும் பரீட்சைக்குத் தயார்படுத்துவோம். பிள்ளைகள் உயர்கல்விக்கு வெளியூர் போவார்கள். ஊரில் நிலைத்திருக்கும் அக்காமாரும் வேண்டும். பாடக் குறிப்புகளைத் தமிழில் ஆக்கும் பொறுப்பை எங்கள் அணி எடுக்கிறது. கற்பிக்க அனுபவமுள்ள ஹாம் ஆட்களைச் சங்கம் எழுத்துமூலம் அழைக்கட்டும். அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பிறகே கருவி வாங்குவோம்.

அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. செய்தி எழுதும் ஒழுங்கைப் பழகக் கருவி வேண்டாம், கொப்பியும் பென்சிலும் போதும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணித்தியாலம், கைத்தொலைபேசியை அணைத்துவிட்டு, பனங்காட்டிலிருந்து பாடசாலை வரை ஆள்மாறி ஆள் பத்துச் செய்திகளைக் கடத்திப் பார்ப்போம். புறப்பட்ட சொல்லும் வந்து சேர்ந்த சொல்லும் ஒன்றா என்று ஒத்துப்பார்ப்போம். முதல் மாதம் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆறாவது மாதம் எல்லாரும் கவனமாகக் கேட்கப் பழகியிருப்பார்கள்.

பிறகு இந்தப் பாடசாலையில் ஒரு நிலையம், வைத்தியசாலையில் ஒன்று, பிரதேச செயலகத்தில் ஒன்று என்று வளரலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எங்கள் அழைப்புக்குறிகளை முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். ஆலையடிவேம்பு வேறு, அக்கரைப்பற்று வேறு என்று எல்லைக்கோடு போடுபவர்கள் போடட்டும். 2004இல் கடல் அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. அலைக்குத் தப்பி வந்தவர்களுக்குக் கதவு திறந்த வீடுகளும் பாடசாலைகளும் பார்க்கவில்லை. வானொலி அலையும் பார்க்காது.

பிள்ளைகளே, 'பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தக் கம்பி வேலை' என்று யாராவது கேட்டால், போர்ட் பிளேயரில் நிலம் ஆடியபோதும் வேலையைக் கைவிடாத பாரதியின் பெயரைச் சொல்லுங்கள். அனர்த்த வேளையில் முகாமில் குழந்தையை வைத்திருப்பவளும், கர்ப்பிணியும், வயோதிபத் தாயும் பெண்கள்தான். அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டு, வெட்கப்படாமல் எழுதி, சரியாகச் சொல்லக்கூடியவளும் ஒரு பெண்ணாக இருந்தால் எத்தனை தேவைகள் மறைக்கப்படாமல் வெளியே வரும் என்று எங்கள் அனுபவத்திலிருந்து சொல்கிறோம்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு கொப்பி வைத்திருப்போம். பெயர், வகுப்பாண்டு, தொலைபேசி இலக்கம் எழுதுங்கள். பத்துப் பெயர் சேர்ந்தால் அடுத்த மாதம் முதலாவது சனிக்கிழமை தொடங்குகிறோம். ஹாமுக்கு வேண்டிய முதல் தகுதி கேட்பதுதான். அது உங்களிடம் இருக்கிறது என்று இந்த அரைமணித்தியாலத்தில் கண்டுகொண்டோம்.